பூரணம் அக்கா துடைத்த கண்ணாடி

பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சுன்னாகத்துக்கு வடக்கே, கல்லுக்கிடங்குக்குப் போகிற செம்மண் ஒழுங்கை. இரண்டு பக்கமும் பனை வடலிகள். ஓலை அசையவில்லை. காகம் கத்தவில்லை. நிழலெல்லாம் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. அந்த ஒழுங்கையில் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டியிருக்கலாம். ஆனால் போய்ச் சேர அவருக்கு விருப்பம் இல்லை...

"பகலிலை வாற பேயோ? அப்ப அதுக்கு ஒரு குடையும் வேணுமே!"

பேய்க்கதையைப் பகலில் தொடங்கினேன் என்று முத்துக்குமாரு சிரிக்கிறான். சிரிக்கட்டும். வாசிகசாலைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் லாம்படிக்கு நெருங்கி உட்காருங்கள், தூவானம் அடிக்கிறது. இந்த மழைக்கு அரியாலைக்குக் கரண்டு வர இனி விடிந்துவிடும். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குத் தனியே போகாதே என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லையா? வெயிலுக்காகச் சொன்னார்கள் என்றா நினைத்தீர்கள்?

சைக்கிள் தள்ளிப் போனவர் நம் பஞ்சலிங்கத்தின் மூத்த மைத்துனர், ஓவசியர் தியாகலிங்கம். அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். பஞ்சலிங்கத்திடம் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாராம். சொல்லி முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாராம். பயத்தினால் அல்ல... வெட்கத்தினால்.

அந்த வெட்கம் தொடங்கியது அதற்கு மூன்று மாதம் முன்பு.

கல்லுக்கிடங்கில் தினமும் பகல் பன்னிரண்டுக்கு வெடி வைப்பார்கள். சுண்ணாம்புக் கல்லில் துளையிட்டு, மருந்து அடைத்து, சிவப்புக் கொடி கட்டி, விசில் ஊதுவார்கள். விசில் கேட்டால் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து மரத்தடியில் நிற்க வேண்டும். வெடித்து ஓய்ந்த பிறகுதான் உள்ளே போகலாம். வெடிக்கு வீடு ஆடுகிறது, சுவரில் கீறல் விழுகிறது என்று ஊரவர்கள் பெட்டிசம் மேல் பெட்டிசம் எழுதினார்கள். தியாகலிங்கம் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் அப்போது எஞ்சினியராக இருந்தவர் கிறிஸ்துநாயகம். அமைதியான மனிதர். பூமி நடுங்குகிற நாடுகளில் கட்டடம் எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்களே, அந்த முறையைப் பார்த்து அவரே ஒரு பொறி செய்து தியாகலிங்கத்துக்குப் பழக்கினார்.

பொறி பெரிய வித்தை அல்ல. கூரை வளையிலிருந்து கம்பியில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். தேங்காய் அளவு, இருபது றாத்தல். அதன் அடியில் ஓர் ஊசி. ஊசியின் கீழே, குப்பி விளக்கின் புகையில் பிடித்துக் கரி ஏற்றிய கண்ணாடித் துண்டு. பழைய மணிக்கூட்டின் பல்லுச்சக்கரம் அந்தக் கண்ணாடியை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகும். வீடு அசையாமல் இருந்தால் கரியில் நேர்கோடு விழும். வீடு ஆடினால்... பாரமான குண்டு சும்மா நிற்கும், தரைதான் ஆடும், கோடு கூனும். கீழ்வீட்டில் ஒரு பொறி, மேல்மாடியில் ஒரு பொறி.

"கீழ்க்கோட்டிலும் பார்க்க மேல்கோடு எவ்வளவு கூடக் கூனியிருக்குதோ, சுவர் அவ்வளவு வளைஞ்சிருக்கு எண்டு அர்த்தம்" என்றார் எஞ்சினியர். "நாலு மயிரிழைக்கு மேலை வித்தியாசம் வந்தால் எனக்குச் சொல்லும். அண்டைக்கே வெடியை நிப்பாட்டுவிப்பன்."

கிடங்குக்கு மிகக் கிட்ட இருந்த மேல்மாடி வீடு பூரணம் அக்காவுடையது. ஐம்பது வயது. கலியாணம் கட்டவில்லை. தகப்பன் விட்டுப்போன சுண்ணாம்புச்சாந்து வீடு. மேல்மாடியில் எட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கிக்கொண்டு, காலையும் மாலையும் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்த மனுஷி. தியாகலிங்கம் பொறியைத் தூக்கிக்கொண்டு போன முதல் நாளே வாசல் படலையடிக்குச் செம்பில் மோர் வந்தது. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்ட மோர்.

"வெயிலுக்குள்ளாலை வந்தனீங்கள் தம்பி. முதல் இதைக் குடியுங்கோ. பிறகு வீட்டை ஆட்டுங்கோ."

"நான் ஆட்டுறேல்லை அக்கா. ஆடுறதை அளக்கிறன்."

"அளந்தால் ஆட்டம் நிண்டிடுமோ?"

மேலே யன்னலில் பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் பத்மாசினி. இருபது வயது இருக்கும், வாய்க்காரி. "ஓவசியர் ஐயா, குண்டைக் கவனமா வைச்சிருங்கோ. எங்கடை அக்கா கண்டால் அதையும் புளி போட்டு மினுக்கிப் போடுவா!" என்றாள். பூரணம் அக்காவும் சிரித்தார். வீடு அப்படித்தான் இருந்தது. நிலம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. லாம்புச் சிமினிகள் ஒவ்வொன்றும் சாம்பலும் பிழிந்த எலுமிச்சங்கோதும் தொட்டுத் துடைத்துக் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன.

ஏழு நாள் அளக்க வேண்டும். ஐந்து நாள் ஒழுங்காக நடந்தது. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை.

அன்று வெடி மற்ற நாள் போல இல்லை. மருந்து கூடிப்போயிற்றோ, கல் இறுகலோ... நிலத்துக்கு அடியில் யாரோ உலக்கையால் இடித்தது போல இருந்தது. வேம்பிலிருந்து பழுத்த இலைகள் ஒரேயடியாகக் கொட்டின. வெடித்து ஓய்ந்ததும் இரண்டு கண்ணாடியையும் உடனே எடுத்து உறைக்குள் வைக்க வேண்டும் என்பது எஞ்சினியரின் கட்டளை. தியாகலிங்கம் கீழ்க் கண்ணாடியை எடுத்தார். மேலே ஏற அலுப்பாக இருந்தது. பூரணம் அக்கா தந்த மோரைக் குடித்துவிட்டு, ஐந்து நிமிடம் என்று வேம்படியில் சரிந்தவர்... கண் விழித்தபோது மணி ஒன்றரை.

ஓடி ஏறினார். ஊசியின் கீழே கண்ணாடி இருந்தது. ஆனால் கரி இல்லை. ஒரு பொட்டுக் கரி இல்லை. பளிங்கு போல மினுங்கிக்கொண்டு இருந்தது.

"கரி பிடிச்சுக் கிடந்தது தம்பி" என்றார் பூரணம் அக்கா, கையில் துணியோடு. "வெள்ளிக்கிழமை, விளக்கெல்லாம் துடைச்சனான். வீட்டுக்குள்ளை கரி கிடக்கக் கூடாதெல்லே. உங்களுக்கும் ஒரு உதவியா இருக்கட்டும் எண்டு..."

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்களில் யார்தான் வெள்ளிக்கிழமை கரி பிடித்த கண்ணாடியைத் துடைக்காமல் விடுவார்கள்? பிழை யாருடையது என்று தியாகலிங்கத்துக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்ததனால்தான் அவருக்கு அத்தனை கோபம் வந்தது.

"அரசாங்கச் சாமானிலை கை வைக்க உமக்கு ஆர் சொன்னது? அறிவில்லையோ? இந்த வயசு வரைக்கும் ஒருத்தரும் உமக்குச் சொல்லித் தரேல்லையோ? என்ரை வேலை போனால் நீரோ எனக்குச் சோறு போடுவீர்?"

ஐந்து நாளும் 'நீங்கள்' என்று கதைத்த வாய். எட்டுப் பெண்பிள்ளைகள் தையல் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணம் அக்கா துணியைச் சுருட்டிக் கைக்குள் மறைத்தார். சின்னப் பிள்ளை களவு பிடிபட்டது போல.

"பிழைதான் தம்பி" என்றார். பிறகு, மெல்ல, "இண்டைக்கு மேலைச் சுவர் ஒருமாதிரி முனகினது. அதையும் எழுதுவீங்களோ?"

"சுவர் முனகுமோ? விசர்க்கதை கதையாதையும்."

அவர் அதை எழுதவில்லை. எழுதியது வேறு. பிள்ளைகள் போன பிறகு குப்பி விளக்கில் இன்னொரு கண்ணாடிக்குக் கரி ஏற்றினார். தையல் மேசையில் கிடந்த ஓர் ஊசியை எடுத்தார். மேல்கோட்டைத் தன் கையாலேயே கீறினார். கீழ்க்கோட்டைவிட இரண்டு மயிரிழை மட்டும் கூடுதலாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அறிக்கை போயிற்று. 'ஆபத்தில்லை' என்று கையெழுத்தும் வந்தது.

அதிலிருந்து பதினோராம் நாள், பகல் பன்னிரண்டுக்கு, பூரணம் அக்காவின் மேல்மாடிச் சுவர் வெடியோடு வெடியாக உள்ளே விழுந்தது. பிள்ளைகள் எட்டுப் பேரும் வேம்படியில் நின்றார்கள். பூரணம் அக்கா நிற்கவில்லை. விசில் ஊதிய பிறகு ஏனோ மேலே ஏறிப் போயிருக்கிறார்...

தியாகலிங்கம் செத்தவீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. படலைக்கு வெளியே சைக்கிள் ஹான்டிலைப் பிடித்தபடி நின்றார். பறை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற புகையிலைக்கடை நமசிவாயத்தார் சொன்னார். "விசில் ஊதினாப் பிறகு மேலை போன மனுசிக்கு ஆர் என்ன செய்யிறது? கட்டடத்திலை பிழை இல்லையாம். அளந்து எழுதியே குடுத்திருக்காம்."

"ஓம்" என்றார் தியாகலிங்கம்.

ஒரு சொல். அந்த ஒரு சொல்லோடு பழி முழுவதையும் செத்த மனுஷியின் தலையில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கோயிலுக்குப் போனார். விபூதியை நெற்றிக்குக் கொண்டுபோகக் கை வரவில்லை.

இனித்தான் ஆனி மாதத்து ஒழுங்கை.

தையல் வகுப்பு நின்றுபோகவில்லை. நமசிவாயத்தாருடைய புகையிலைக் கடையின் மேல்மாடியில் பத்மாசினி அதை நடத்தினாள். அக்கா தொடங்கி வைத்தது அணையக் கூடாது என்று எட்டுப் பேரும் பிடிவாதம். அந்தக் கடையும் கிடங்குக்குக் கிட்டத்தான். கிடங்கிலோ, பழைய அறிக்கையைக் காட்டிக் காட்டி அதே அளவு மருந்து. ஊரவர்கள் மறுபடி பெட்டிசம் எழுத, அளந்துகொண்டு வரும்படி தியாகலிங்கத்துக்கே உத்தரவு. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். எஞ்சினியர் சிரித்தார். "உம்மைப்போல நேரான கோடு கீற வேறை ஆர் இருக்கினம்?" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

பொறியை முதல் நாளே தொங்கவிட்டாயிற்று. வெடிக்குச் சற்று முன்னால் மணிக்கூட்டை முடுக்கிவிடுவதுதான் வேலை. போனார். முடுக்கினார். விசில். பிள்ளைகள் இறங்கி எதிர்ப்பக்கப் பூவரசடிக்குப் போனார்கள். ஒருத்தியும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வெடித்தது... ஓடுகள் கடகடத்தன. புழுதி அடங்கியது.

இம்முறை ஐந்து நிமிடமும் தாமதிக்கவில்லை. இரண்டு கண்ணாடியையும் எடுத்து மேல்மாடி மேசையில் வைத்து, பெருக்கிக் காட்டும் கண்ணாடியைப் பிடித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

பதினொரு மயிரிழை.

நாலுக்கு மேல் போகக் கூடாது. பதினொன்று. இதைக் கொடுத்தால் அன்றைக்கே வெடி நிற்கும், பிள்ளைகள் பிழைப்பார்கள். ஆனால் எஞ்சினியர் முட்டாள் இல்லை. சீமெந்தில் கட்டிய புதுக் கடையே பதினொரு மயிரிழை வளைகிறது என்றால், சுண்ணாம்புச்சாந்துப் பழைய வீடு எப்படி இரண்டோடு நின்றது என்று கேட்பார். அந்த மேல் கண்ணாடியைக் கொண்டுவா என்பார். கொண்டுபோய்ப் பார்த்தால் அது பொறி கீறிய கோடா, கை கீறிய கோடா என்று அவருக்குத் தெரியாமல் போகாது...

மணி பன்னிரண்டரை. எஞ்சினியரின் ஜீப் இரண்டு மணிக்கு வரும். பிள்ளைகள் பூவரசடியில் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டதும் மேலே வந்துவிடுவார்கள். தியாகலிங்கம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். குப்பி விளக்கைக் கொளுத்தினார்.

ஆம். மறுபடியும்.

புதுக் கண்ணாடியில் கரி ஏற்றி மேசையில் வைத்தார். தையல் ஊசி ஒன்றை எடுத்தார். கீறினார். மூன்று மயிரிழை. ஊசியைக் கீழே வைத்தார்.

அறை முழுக்கப் புகையிலை மணம். அந்தக் கனத்த மணத்துக்குள்ளிருந்து இன்னொரு மணம் கிளம்பியது... ஈரச் சாம்பல். எலுமிச்சங்கோது.

கண்ணாடியின் நடுவில் ஓர் இடம் மங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு. வாயைக் கிட்ட வைத்து 'ஹா' என்று ஊதினால் ஆவி படியுமே, அப்படி. காற்று இல்லை. யன்னல் சாத்தியிருந்தது. ஆவி படிந்தது...

பிறகு சத்தம். கீச்... கீச்... கீச்...

ஈரக் கண்ணாடியில் துணி உரசுகிற சத்தம். கரி ஒரு கோடாக அழிந்தது. இடமிருந்து வலமாக. பிறகு அதற்குக் கீழே இன்னொரு கோடு. அவசரமில்லாமல், ஒழுங்காக. ஓரங்களையும் விடாமல், நாலு மூலையையும் தனித்தனியாகச் சுழற்றிச் சுழற்றி... துணி தெரியவில்லை. கை தெரியவில்லை. கடைசியில் காப்பு ஒன்று கண்ணாடியில் தட்டியது போல 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

கண்ணாடி மினுங்கிக்கொண்டு இருந்தது.

தியாகலிங்கம் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவமானத்துக்குப் பயந்தவனுக்கு வேறு பயம் பெரிதாகத் தெரிவதில்லை. இன்னொரு கண்ணாடியை எடுத்தார். கரி ஏற்றினார். கீறினார். ஆவி... கீச், கீச்... 'டிக்'. மூன்றாவதையும் எடுத்தார். மூன்றாவதும் மினுங்கியது.

பதினொரு மயிரிழை காட்டிய கண்ணாடி அதே மேசையில், அரை முழத்துக்கு அப்பால் கிடந்தது. அதில் ஒரு பொட்டுக் கரி கலையவில்லை.

"அக்கா..." என்றார்.

துடைத்து முடித்த கண்ணாடி மேசையில் தானாக நகர்ந்தது. ஒரு விரற்கடை. அவர் பக்கமாக. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் குடிக்க, கழுவிய மூக்குப்பேணியைத் துடைத்து நீட்டுகிற மாதிரி.

அந்தத் துடைப்பில் கோபம் இல்லையாம். அதைத்தான் பஞ்சலிங்கத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தால் கும்பிட்டுச் செத்திருப்பன், அவ எனக்கு உதவியெல்லோ செய்தவ என்றாராம்.

படியில் பேச்சுக்குரல் கேட்டது. பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

தியாகலிங்கம் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பாய்ந்து படியின் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்து மறித்தார். மூஞ்சியெல்லாம் கரி. பத்மாசினி ஒரு படி கீழே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன ஓவசியர் ஐயா, அடுப்புக்குள்ளையோ நித்திரை கொண்டனீங்கள்?"

"மேலை ஒருத்தரும் ஏற வேண்டாம் பிள்ளை. இறங்குங்கோ. எல்லாரும் இறங்குங்கோ."

"ஏன்? ஆபத்தில்லை எண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்?"

"நான் எழுதினது பொய்."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வேம்படியில் தூங்கியது, தையல் ஊசியால் கீறியது, செத்தவீட்டுப் படலையில் 'ஓம்' சொன்னது வரை. நமசிவாயத்தாரும் கடைக்குள்ளிருந்து வந்து நின்று கேட்டார். சொல்லி முடித்தும் ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியாகப் பத்மாசினிதான் வாய் திறந்தாள். அவளுடைய குரலில் வழமையான குத்தல் இல்லை.

"அக்கா ஏன் மேலை போனவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நீங்கள் அளந்து முடிச்சுப்போட்டுப் போகேக்கை மேல்வீட்டுக் குண்டை விட்டிட்டுப் போனனீங்கள். சைக்கிளிலை ஏத்தேலாது, பிறகு வந்து எடுக்கிறன் எண்டு. பிறகு வரேல்லை."

அது உண்மை. பூரணம் அக்காவின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"கம்பி தேஞ்சு கிடந்தது. வெடிக்கு அறுந்து விழுந்து உடைஞ்சால் அந்தத் தம்பிக்குக் கந்தோரிலை ஏச்சு விழும், என்னாலை ஒருக்கால் பட்ட கரைச்சல் காணும் எண்டு சொல்லுவா. விசில் ஊத எங்களைக் கீழை அனுப்பிப்போட்டு, ஒவ்வொரு நாளும் ஏறிப் போய் அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நாங்கள் மறிச்சனாங்கள். கேக்கேல்லை." பத்மாசினி தாவணித் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கல்லுக்குள்ளை இருந்து எடுக்கேக்கையும் ரண்டு கையாலையும் அதைப் பிடிச்சபடிதான் கிடந்தவ. விரலைப் பிரிச்செல்லோ எடுத்தது."

இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்ட அதே குண்டைத்தான் கந்தோரில் கழுவி, எண்ணெய் பூசி, தியாகலிங்கத்தின் கையில் கொடுத்திருந்தார்கள். மேலே தொங்குவது அதுதான். அது எப்படிக் கிடைத்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. எஞ்சினியர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "சொன்னதை எல்லாம் எழுதித் தாரும்" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தார். வேலை போகும் என்று தெரியும், போயிற்று. அன்று பின்னேரமே கிடங்கில் சிவப்புக் கொடியை இறக்கிச் சுருட்டினார்கள். தையல் மெசின்கள் எட்டும் நமசிவாயத்தாருடைய கீழ் விறாந்தைக்கு வந்தன.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கிறிஸ்துநாயகம் எதையும் அரைகுறையாக விடுகிறவர் அல்லர். ஒரு பொறி சரியா என்று அறிய, ஒன்றுமே ஆடாத நாளில் அது என்ன கோடு கீறுகிறது என்றும் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாள் அவரே கரி ஏற்றினார். பதினொன்றரைக்கு அவரே மேல்மாடியில் மணிக்கூட்டை முடுக்கிவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். எல்லோரும் பூவரசடியில் இருந்தார்கள். தியாகலிங்கமும் இருந்தார். பத்மாசினி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவரால் குடிக்க முடியவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பன்னிரண்டு மணி. விசில் இல்லை. வெடி இல்லை. ஓலை அசையவில்லை...

பன்னிரண்டரைக்கு எஞ்சினியர் ஏறிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். மரநிழலில் பிடித்துப் பார்த்தார். பெருக்கிக் காட்டும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"ஆர் மேலை போனது?"

"ஒருத்தரும் போகேல்லை ஐயா. திறப்பு உங்களிட்டையெல்லோ கிடக்கு."

அவர் கண்ணாடியைத் தியாகலிங்கத்திடம் நீட்டினார். கோடு நேராக வந்தது. நடுவில், பன்னிரண்டு மணி இருக்க வேண்டிய இடத்தில், சின்னச் சின்னத் துடிப்புகள். முதலாவது மயிரிழையிலும் மெல்லியது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. அடுத்தது இன்னும் பெரிது. ஒரே அளவான இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக... ஆள் நடந்தால் பலகைத் தளம் அதிருமே, அந்த அதிர்வு. யாரோ படியேறி, அறைக்குள் வந்து, ஊசிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். திரும்பிப் போன அடிகளை எஞ்சினியர் தேடினார். இல்லை.

அதற்கு அப்பால் கோடு ஒரு விரற்கடை பக்கமாக விலகியிருந்தது. விலகிய இடத்திலிருந்து கண்ணாடி முடியும்வரை நேராக ஓடியது. முன்னையதைவிட நேராக. மெல்லிய நடுக்கம்கூட இல்லாமல்.

"இப்பிடி வராது" என்றார் எஞ்சினியர். "தொங்கிற குண்டு இப்பிடி நில்லாது. ஆரும் பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஒழிய..."

தியாகலிங்கம் எழுந்தார். யாரும் மறிக்கவில்லை. தனியே படியேறினார்.

அறையில் வெயில் ஓட்டு இடுக்குகளால் விழுந்துகொண்டிருந்தது. குண்டு தொங்கியது. நேராக அல்ல. கம்பி சரிந்திருந்தது. ஒரு விரற்கடை பக்கமாக, ஆட்டம் அசைவு இல்லாமல், வெறும் காற்றில் சாய்ந்தபடி நின்றது.

அவர் கை கூப்பினார்.

"அக்கா... விடுங்கோ. இனி விழாது. இனி எனக்கு ஆரும் ஏசமாட்டினம். விடுங்கோ அக்கா."

குண்டு நேருக்கு வந்தது. கையை விட்டால் ஊசலாடும் அல்லவா? ஆடவில்லை. ஒரு தரம்கூட ஆடவில்லை. நித்திரையான குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி, மெல்ல, மெல்ல, கொண்டுவந்து விட்டது போல வந்து நின்றது.

கழற்றி எடுப்பதற்காகத் தியாகலிங்கம் அதைத் தொட்டார். நிழலுக்குள் தொங்கிய இரும்பு, குளிர்ந்துதான் இருந்தது. இரண்டு இடம் மட்டும் சூடு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு உள்ளங்கை அளவுக்கு.